ஓட்டை போடாத கிட்டார்

என் அண்ணன் கிட்டார் வாசித்தால் தெருமுனை இஸ்திரிக் கடை வரைக்கும் கேட்கும். நான் வாசித்தால் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற அம்மாவுக்கே கேட்காது. அதற்குக் காரணமும் அவன்தான்.

அவன் இங்கே ஹைதராபாத்தில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு கேப் ஓட்டினான். ராத்திரி முழுக்க ஹைடெக் சிட்டிக்கும் ஊருக்கும் நடுவில் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, காலையில் நாச்சாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பான். ஒரு ரூமும் ஒரு சமையலறையும்தான் வீடு. அவன் தூங்குகிற ரூமில்தான் பீரோ, டீவி, கிட்டார் எல்லாம். நான் பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டேன். திரும்ப எழுதவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போதுதான் அவன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கிட்டாரை மடியில் வைத்துப் பழகினேன்.

அவன் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அவன் வாசிக்கும்போது விரல் எங்கே போகிறது என்று பார்த்துவைப்பேன். மறுநாள் அவன் தூங்கும்போது என் விரலை அங்கே வைப்பேன். கம்பியை இழுக்கமாட்டேன், தொடுவேன், அவ்வளவுதான். சத்தம் வந்தால் அவன் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் ராத்திரி ஸ்டியரிங் பிடிக்கிற கை தடுமாறும். நான்கு இன்ஜினியர்கள் பின்சீட்டில் இருப்பார்கள்.

ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"ஏட்டி, மூணாவது கம்பி இறங்கிக் கெடக்கு. முறுக்கு."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் கம்பியை அளவுக்கு மீறி முறுக்கி அறுத்துவிட்டேன். அதற்குத் திட்டினான், அது வேறு.

போன ஆகஸ்ட் மழையில் காய்ச்சல் என்று படுத்தான். வீட்டில் கொஞ்ச நாள், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள். பிறகு இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. எழுத வருவது இதுதான்: இப்போது நான் எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் அந்தக் கட்டிலில் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. ஆனாலும் என் கைக்குச் சத்தம் வரவில்லை.

அந்தக் கிட்டார் அவனுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவன் வண்டியில் வருகிற ஒருவர் அமெரிக்கா போகும்போது கட்டில், மிக்ஸி, கிட்டார் எல்லாவற்றையும் விற்றார். மற்ற டிரைவர்கள் மிக்ஸிக்குப் போட்டி போட்டார்கள். இவன் கிட்டாரைக் கேட்டான். "ட்ரைவருக்கு எதுக்கு?" என்று ஒருத்தன் சிரித்தானாம். அண்ணன் அங்கேயே கிட்டாரை வாங்கி, கார் பானெட் மேல் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தானாம். சிரித்தவன் தன் போனில் ரெக்கார்டு பண்ணி ரிங்டோனாக வைத்துக்கொண்டான். அண்ணன் போன பிறகு அந்த டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் போன் அடித்தது. அதே பாட்டு. பாவம், அவசரமாக அமுக்கினான். நான் "இன்னொரு தடவ அடிக்க விடுங்கண்ணா" என்றேன்.

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை மாரெட்பள்ளிப் பக்கம் இருக்கிறது. அப்பா இருந்தவரை அங்கே வேதபாடம் எடுத்தார். எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வந்ததும் பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தக் கோவில் பாட்டுப் புத்தகத்தில்தான். வருஷா வருஷம் நவம்பரில் அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதல் பங்கைக் கோவிலுக்குக் கொடுக்கிற நாள். செகந்திராபாத்தில் எங்களுக்கு ஏது வயல்? மாடித் தொட்டியில் காய்த்த கத்திரிக்காய், முறுக்கு, தைத்த தலையணை உறை, எது இருக்கிறதோ அதைக் கொண்டுபோய் வைப்போம். ஏலம் விடுவார்கள். ஒரு சாஃப்ட்வேர் அண்ணன் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து கத்திரிக்காய் பக்கத்தில் வைத்தார். பாஸ்டர் சிரிக்காமல், "இதுவும் விளைச்சல்தான்" என்று அதையும் ஏலத்தில் விட்டார்.

அந்தப் பண்டிகைக்கு அண்ணன் ஒரு நன்றிப் பாட்டு மெட்டுப் போட்டிருந்தான். ஏலம் தொடங்கும் முன் வெளிப் பந்தலில் அதைத்தான் பாடுவோம். அவன் அதைச் செய்த வருஷம் எங்கள் சபையில் தாளத்துக்கு ஆள் இல்லை. தபலா வாசித்த மாமா மத்திய சர்க்கார் பாக்டரியில் வேலை, மாற்றல் வந்து பெங்களூர் போய்விட்டார். அதனால் அண்ணன் கிட்டாரின் மரப் பெட்டியையே தட்டினான். உள்ளங்கை அடிப்பக்கத்தால் ஒரு தொம், நகத்தால் தக. அப்படியே பழகிவிட்டது. எங்கள் சபையில் கிட்டார் என்றாலே கம்பியும் தட்டும் சேர்ந்ததுதான்.

அந்தப் பாட்டில் ஒரு இடம் இருக்கிறது. மூன்றாவது சரணம் முடிந்ததும் பாடுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். கம்பியும் நிற்கும். மரத்தில் தட்டு மட்டும் தனியாக இரண்டு சுற்று ஓடும். இரண்டாவது சுற்றில் அண்ணன் கடைசித் தட்டை வேண்டுமென்றே கொஞ்சம் பிந்துவான். ஜனங்கள் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தொம் என்று விழுந்ததும் மொத்தச் சபையும் கைதட்டிப் பாட்டுக்குள் வரும். சிறுசுகள் முன்னாடியே தட்டி மாட்டிக்கொள்ளும். எல்லாரும் சிரிப்பார்கள். வருஷம் முழுக்க எங்கள் சபை ஒன்றாகச் சிரிக்கிறது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் அந்தப் பாட்டு உண்டா இல்லையா என்று யாரும் என்னிடம் கேட்கப் பயந்தார்கள். கடைசியில் பாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கேட்டார். சென்னையிலிருந்து வந்தவர், சாஃப்ட்வேர், நன்றாகக் கீபோர்டு வாசிப்பார்.

"அந்தப் பாட்டு இந்த வருஷம் பண்ணலாமா, வேணாமாம்மா? நீ என்ன சொல்றியோ அதான்."

"பண்ணலாம்ணா. நான் வாசிக்கிறேன்."

"நீயா?"

"ஹவ், ஆமாண்ணா. அவன் கிட்டார்லயே."

ஒத்திகைக்குப் போனோம். பத்துப் பேர் பாடினார்கள். என் கிட்டார் அங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி நான் மட்டும்தான். மைக்கை முன்னால் வைத்துப் பார்த்தார்கள். அதில் பக்கத்தில் பாடுகிறவர்கள் குரலும், வெளியே பந்தல் போடுகிறவர்கள் சண்டையும்தான் வந்தது.

"பிக்கப் ஒண்ணு போடணும்மா. கிட்டார் சத்தத்த நேரா வயர்ல ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அனுப்புற சாமான்," என்றார் கீபோர்டு அண்ணன்.

குழுவில் ஒருவன் உடனே, "நம்ம ஏரியாலயே ரிப்பேர் பண்றவரு இருக்காரு. கீழ ஒரு ஓட்ட போட்டு உள்ள ஃபிட் பண்ணிருவாரு. அர அவர் வேல," என்றான்.

எனக்கு என்ன வந்ததோ, கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஓட்ட நக்கோ," என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல.

ஆஸ்பத்திரியில் அவன் கையில் ஊசி குத்த இடமே மீதி இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கிட்டாரிலும் எவனாவது துளை போடுவதை நான் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டேன். இதை அங்கே சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"சரி, ஓட்ட வேணாம். கழட்டி மாட்டுற மாதிரியும் கெடைக்குது. பாரு. எதுவும் செட் ஆகலன்னா ஃபீல் பண்ணாத, பாட்ட நான் கீபோர்டுல சமாளிச்சுக்கறேன்," என்றார் அந்த அண்ணன். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அது, கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொன்ன மாதிரி கேட்டது.

செகந்திராபாத்தில் ஒரு சாமான் கடைக்குக் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோவில் என் மடியில் அது, அதன் மேல் என் துப்பட்டா. கடைக்காரர் தமிழ்தான், ஆனால் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர். அவர் தமிழை அரைவாசி ஊர் தின்றுவிட்டது.

"எந்த மாதிரி ஹோனா மா? உள்ள வெக்கிறதா, மேல வெக்கிறதா?"

"ஓட்ட போடாம வெக்கிறது. போட்டுட்டு கழட்டணும். ரொம்ப விலை நக்கோ."

இரண்டு சாமான் எடுத்து வைத்தார். ஒன்று, கிட்டார் நடுவில் இருக்கிற வட்ட வாயில் குறுக்கே கவ்விக்கொள்கிற கறுப்புப் பட்டை. உள்ளே காந்தம். கம்பி ஆடுவதை அது பிடித்து அனுப்பும். இன்னொன்று காசு மாதிரி ஒரு வட்டத் தகடு, பின்னால் நீள வால் மாதிரி வயர். மரத்தின் மேல் ஒட்டவேண்டும். மரம் அதிர்வதை அது அனுப்பும். இரண்டாவது விலை மிகக் குறைவு. முதலாவது என் கைக்குக் கொஞ்சம் எட்டி எட்டித்தான் கிடைக்கும்.

"பட்டா எடு மா. அந்த வட்ட பில்லா பச்சா பசங்க வாங்குறது. இத போட்டு பாரு, அப்றம் பேசு."

அவரே பட்டையை மாட்டி, வயரை ஒரு பாக்ஸில் சொருகி, என் கையில் கொடுத்தார். நான் வழக்கம்போல் மெல்லத் தொட்டேன். கடை முழுக்க நிரம்பியது. புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். யார் தூக்கமும் கெடாமல் வாசித்துப் பழகிய கை, முதல் தடவை ஒரு ஆளைத் திரும்ப வைத்தது. அந்தப் பெருமையில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கம்பியை மட்டும் திரும்பத் திரும்ப மீட்டினேன். மரத்தைத் தட்டிப் பார்க்கவே இல்லை. எங்கள் சபையில் எந்தக் கிட்டாரையும் முதலில் தட்டித்தான் பார்ப்பார்கள். நான் பட்டையை வாங்கிக்கொண்டேன்.

"புடிக்கலன்னா டப்பா கிழியாம கொண்டா. மாத்திக் குடுக்கறேன்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு இன்னும் நன்றி சொல்கிறேன்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து ஒத்திகை. அம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போன பிறகு ஒத்திகைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பட்டையை மாட்டினேன். கம்பி சத்தம் பாக்ஸிலிருந்து மணி மாதிரி வந்தது. பாடுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. எல்லாரும் நிறுத்தினார்கள். கம்பியை நிறுத்திவிட்டு மரத்தில் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

என் கை தட்டுகிறது. எனக்குத் தெரிகிறது. பாக்ஸ் ஊமையாக நிற்கிறது. காந்தத்துக்குக் கம்பிதான் தெரியும், மரம் தெரியாது. பத்துப் பேரும் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு எப்போது தட்டுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி தட்டினாள், ஒருத்தன் பாடினான், எல்லாம் கலைந்து போயிற்று.

பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "தட்டு எங்கட்டி?"

"வரமாட்டேங்குதும்மா."

"கம்பி வருது. அது ஏன் வரல?"

கீபோர்டு அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ஐடியா. கம்பி நீ வாசி. தட்டு நான் போடறேன்," என்று ஒரு பட்டனை அமுக்கினார். கீபோர்டிலிருந்து தாளம் வந்தது. அழகான தாளம். ஒரு தட்டு முந்தவில்லை, ஒரு தட்டு பிந்தவில்லை. எல்லாரும் சரியான இடத்தில் கைதட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

"நல்லாதானே இருக்கு?" என்றார்.

"நல்லாருக்குண்ணா." பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது. "ஆனா வேணாம்ணா. அந்த எடத்துல அவன் மட்டும்தான் இருப்பான். வேற எதுவும் இருக்காது."

அவர் கீபோர்டை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். "சண்டே வரைக்கும் டைம் இருக்கு. உன் தட்டு பாக்ஸ்ல வந்தா உன் தட்டு. இல்லன்னா என் பட்டன். ஜனம் முன்னாடி நிக்கும்போது அந்த எடம் சும்மா இருக்கக் கூடாதும்மா. அது உங்க அண்ணனுக்கும் நல்லாருக்காது."

அது நியாயம். அதனால்தான் எரிச்சல் வந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டப்பா கிழியாமல் கடைக்குப் போனேன்.

"அரே, கைகூ மா, எதுக்கு மாத்தணும்? சத்தம் நல்லா இல்லியா?"

"நல்லாருக்கு. எனக்கு அந்த பில்லா குடுங்க."

"நக்கோ மா. நான் சொல்றத கேளு. அது கம்பி மட்டும் எடுக்காது. பெட்டி மேல என்ன பட்டாலும் சத்தம் போடும். சட்ட பட்டன் பட்டா டொக்குங்கும். கை ஒரசினா கர்ருங்கும். கொஞ்சம் சத்தம் ஏத்தினா கூவும்."

"கைல தட்டினா?"

"டமடமன்னு கேக்கும். அதான சொல்றேன், கராப் மால், மட்டமான சரக்குன்னு."

"அதான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கிட்டாரை எடுத்து, கடையில் வைத்தே, தொம் தக தொம் என்று தட்டிக் காட்டினேன். முதல் தடவை வந்தபோது செய்திருக்க வேண்டியது. அவர் விரல் கண்ணாடி மேசையில் தானாகத் தாளம் போட்டது.

"டோலக்கா கிட்டாரா மா இது?"

"ரெண்டும்தான்."

மீதிப் பணத்துக்கு ஒரு செட் கம்பியும் வயரும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை. தகட்டோடு வந்த ஸ்டிக்கர். நான் வேலை செய்வது உப்பல் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட்டில். காலையிலிருந்து சாயங்காலம் வரை டேப்பும் ஸ்டிக்கரும்தான். எந்த டேப் எதை உரித்துக்கொண்டு வரும் என்று விரலுக்குத் தெரியும். இந்த ஸ்டிக்கரைத் தொட்டதுமே சந்தேகம். கிட்டாரில் வைக்காமல் கேரம் போர்டின் ஓரத்தில் ஒட்டி இழுத்தேன். பாலிஷ் ஒரு நகம் அளவு கூடவே வந்துவிட்டது. நல்லவேளை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவரில் சார்ட் ஒட்டுவார்களே, பபிள்கம் மாதிரி ஒரு பசை உருண்டை, ஸ்டேஷனரி கடையில் அதை வாங்கினேன். கேரம் போர்டிலேயே ஒட்டி ஒரு நாள் விட்டேன். எடுத்தபோது சுத்தமாக வந்தது. ஈரத்துணிகூட வேண்டியிருக்கவில்லை.

பாக்ஸ் கிடையாது வீட்டில். ஆனால் அண்ணன் வாங்கிய டிவிடி பிளேயரில் கரோக்கே பாட மைக் சொருகுகிற ஓட்டை உண்டு. அவன் ஒரு நாள்கூடப் பாடியதில்லை. அதில் கிட்டார் வயரைச் சொருகினேன். சரியாகப் போய் உட்கார்ந்தது. டீவியைப் போட்டுவிட்டு, தகட்டைக் கம்பி கட்டியிருக்கிற கட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வாசித்தேன். டீவிக்குள்ளிருந்து கம்பி வந்தது. தட்டினேன். வந்தது! ஆனால் எங்கேயோ பக்கத்து வீட்டில் கதவு தட்டுகிற மாதிரி.

அம்மா கையில் மாவோடு வந்து நின்றாள்.

"எங்கன ஒட்டிருக்க?"

"இங்கன."

"நீ எங்கன தட்டுத?"

காட்டினேன்.

"அவன் அங்கனயா தட்டுவான்? இன்னும் கீழட்டி. பாரு, பாலிஷ் போயிருக்கு பாரு. நான்தான தொடச்சி வைப்பேன், எனக்குத் தெரியாதா?"

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கட்டைக்குக் கீழே, ஓரமாக, ஒரு உள்ளங்கை அளவு இடம் மங்கலாக இருந்தது. எத்தனை தடவை அந்தக் கிட்டாரை மடியில் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்ததே இல்லை. என் உள்ளங்கையை அதில் வைத்தேன். மங்கல் என் கையைவிடப் பெரிது, சுற்றிலும் கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அந்த மங்கல் மேலேயே தகட்டை ஒட்டினால் தட்டு இடி மாதிரி வந்தது, கம்பி செத்துவிட்டது. கட்டைப் பக்கம் போனால் கம்பி வந்தது, தட்டு போயிற்று. அம்மா மாவுக் கையோடே நின்று "மேல, இன்னும் மேல, அய்யோ ரொம்பப் போயிட்ட, பைய இறங்கு" என்று டீவி ஆன்டெனா திருப்புகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் அகப்பட்டது. கம்பியும் வந்தது, தட்டும் வந்தது. நான் மெல்லத்தான் தட்டினேன். டீவி மேலிருந்த பிளாஸ்டிக் பூச்சாடி நடுங்கியது.

தொம்.

என் மெல்லிய கை அவ்வளவு பெரிதாக ஒரு தொம் போட்டதை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். அம்மா, "இன்னொருக்க," என்றாள். தட்டினேன். "இன்னொருக்க."

பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்டி ஓடிவந்து வாசலில் நின்றாள். "ஏமைந்தண்டி? டீவி பேலிந்தா?" டீவி வெடித்துவிட்டதா என்று கேட்கிறாள்.

அம்மா சிரித்துவிட்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். "லேதண்டி, மா பாபு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "மா பாப்ப வாயிஸ்தோந்தி," என்றாள். எங்கள் பையன் என்று வாய் போனது, எங்கள் பொண்ணு வாசிக்கிறாள் என்று முடிந்தது. எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது.

பண்டிகை அன்று காலையிலேயே பந்தலுக்குப் போனேன். கடைக்காரர் சொன்னது சும்மா இல்லை. பெரிய பாக்ஸ் முன்னால் நின்றதும் கிட்டார் கூவ ஆரம்பித்தது. ஏலத்துக்கு அடுக்கி வைத்திருந்த முட்டை ட்ரே பக்கத்தில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்தின. மைக் செட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் யூனிட்டிலிருந்து கழிவு ஸ்பாஞ்சு ஷீட் கொண்டுபோயிருந்தேன். வட்டமாக வெட்டி, கிட்டார் வாயில் மூடி மாதிரி செருகினேன். பாக்ஸுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்றேன். கூவல் அடங்கியது. சுடிதாரில் கல் வைத்த பக்கம் பெட்டியில் படாமல் இருக்க துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். கீபோர்டு அண்ணன் ஒரு தடவை தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கீபோர்டின் தாளப் பட்டன் மேல் பாட்டுத் தாளை மடித்து வைத்தார்.

"அமுக்கிருவேனோன்னு பயம்," என்றார்.

ஜனம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் பிரியாணி வரிசை, ஒரு பக்கம் அம்மாவும் மற்ற ஆன்டிகளும் போட்ட தோசைக் கடை. பந்தல் முழுக்கச் சத்தம். பாஸ்டர் என் அண்ணன் பெயரைச் சொல்லி, அவன் பாட்டு என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது.

முதல் சரணம் பயத்தில் போயிற்று. இரண்டாவதில் கிட்டார் எனக்கே கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது முடிந்தது. பாடுகிறவர்கள் நிறுத்தினார்கள். கம்பியை உள்ளங்கையால் அமுக்கினேன்.

கையைத் தூக்கி மங்கல் மேல் வைத்தேன்.

தொம் தக தொம்.

பந்தலின் நாலு மூலையிலும் வந்தது. பிரியாணி வரிசை திரும்பியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எல்லார் கையும் தானாக மேலே போயிற்று, போன வருஷம் மாதிரியே. இரண்டாவது சுற்று. கடைசித் தட்டுக்கு முன் பிந்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. கை நின்றது. முன்வரிசையில் ஒரு பொடிசு அவசரப்பட்டுப் படார் என்று கைதட்டிவிட்டு, நாக்கைக் கடித்தது. ஜனம் சிரித்தது.

தொம்.

மொத்தச் சபையும் கைதட்டி உள்ளே வந்தது. தோசைக் கடையில் அம்மா கரண்டியால் கல்லில் தட்டினாள். டங் என்று அது தனியாகக் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் நான் அழவில்லை, பாடினேன். அவ்வளவு சத்தமாக நான் எதுவுமே செய்ததில்லை.

முடிந்ததும் மைக் செட்காரர் மேடைக்குக் கீழே வந்து குனிந்து தேடினார். "ட்ரம் பேட் கிதர் ஹை? எங்க வெச்சிருக்க?"

உள்ளங்கையைக் காட்டினேன். சிவந்திருந்தது. அவர் நம்பாமல் தகட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"இத்தனூண்டு சாமானா? என்ன வெல?"

சொன்னேன். கொஞ்சம் அலட்டலாகவே சொன்னேன். கீபோர்டு அண்ணன் அடுத்த மாதம் கிறிஸ்துமஸுக்கும் இதே மாதிரி தட்டு வேண்டும் என்றார். "பாக்கலாம்ணா," என்றேன், பெரிய ஆள் மாதிரி.

தோசைக் கடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தேன். ஸ்பாஞ்சை எடுத்தேன். தகட்டை மெல்ல அசைத்துக் கழற்றினேன். பசையை உருட்டி உருட்டி எடுத்தேன். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள். அடிப்பக்கம் திருப்பச் சொன்னாள், அங்கேயும் தடவினாள். நெளிவு, ஓரம், கட்டை, எல்லா இடமும்.

"ஒரு கீறல் இல்ல," என்றாள்.

"இல்லம்மா."

"ரெண்டு தோச எடுத்துட்டு வாரேன். கைய நீட்டாத, நானே ஊட்டுதேன். அந்தக் கை செவந்து கெடக்கு."